உழைச்செல்வான் அல்லது நெடுநோயாளர்க்கு மருந்து சேர்ப்பிக்கும் முறை

முன்னுரை

திருவள்ளுவனார் தமது நூலின் 95ஆம் அதிகாரத்தில் மருந்தைப் பற்றிப் பேசுகின்றார். அவ்வதிகாரத்தின் இறுதிக்கண், மருத்துவம் என்பது நான்கு உறுப்புக்களால் ஆயது என வகுத்து முடிக்கின்றார். நோயுற்றவன் ஓருறுப்பு, நோயைத் தீர்ப்பவன் ஓருறுப்பு, மருந்து ஓருறுப்பு, உழைச்செல்வான் ஓருறுப்பு. இவற்றுள் முன்னைய மூன்றும் யாவர்க்கும் எளிதின் விளங்குவன. நான்காவதாகிய உழைச்செல்வான் யாவன்? உழை என்பது பக்கம் எனப் பொருள்படுஞ் சொல். ஆதலின், நோயாளியின் பக்கத்தே சென்று உதவுவோன் உழைச்செல்வான் எனலாம். மருந்தைப் பிழையாது இயற்றுவோன் என்பது உரை வழக்கு. இக்குறளை வகுப்பிற் பாடங்கேட்ட நாளில், மருத்துவனையும் மருந்தையும் கூறிய புலவர், இவ்வேவலாளனையும் அவற்றோடு ஒப்பவைத்து எண்ணியது என்னையோ என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. பின்னர்ச் சிந்தித்துப் பார்த்தபோது, அதற்குரிய விடை எம் இல்லத்திலேயே சில யாண்டுகட்கு முன்னர் நிகழ்ந்திருந்தமை புலனாயிற்று.

எம் பாட்டியார்க்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நெடுநாளாக உண்டு. யான் எட்டாம் வகுப்பிற் பயின்ற காலத்தில், அவர் திங்கள்தோறும் ஒருநாள் விடியற்காலைப் பேருந்தில் ஏறி நகரத்து மருத்துவமனை ஒன்றிற்குச் செல்வது வழக்கம். ஆண்டுச் சீட்டு வாங்குவதற்கு ஒரு வரிசை. மருத்துவரைக் காண்பதற்கு ஒரு வரிசை. மாத்திரை வாங்குவதற்கு மற்றுமொரு வரிசை. முழங்கால் நோவுடைய அம்முதியவர் மூன்று வரிசையிலும் நின்று, பிற்பகலில் வாடிய முகத்தோடு வீடு திரும்புவர். மருத்துவர் அவரிடம் பேசுவது இரண்டொரு சொல்லேயாம். கிடைப்பதும் சென்ற திங்களிற் கிடைத்த அதே மாத்திரைகளேயாம். ஒருமுறை மருந்து இருப்புக் குறைவென்று பத்து நாட்கே கொடுத்து, மீண்டும் வருமாறு கூறி அனுப்பினர். பாட்டியார் மீண்டுஞ் சென்றாரல்லர். எவரிடமுங் கூறாது, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை உண்டு, பத்து நாள் மருந்தை இருபது நாட்கு நீட்டினர். பின்னர் அதனையும் நிறுத்தினர். அவருடைய வலக்கை ஒருநாட் காலையிற் செயலற்றுத் தொங்கியபோதே எமக்கு உண்மை தெரிந்தது. மருத்துவர் இருந்தார், மருந்தும் உலகில் இருந்தது, நோயாளியோ இருந்தார். நான்காம் உறுப்பு ஒன்றே இல்லாதொழிந்தது.

இக்குறை ஒரு வீட்டின் குறையன்று. இதனைத் தீர்ப்பதற்கு உலகின் பல பகுதிகளிற் செய்யப்பட்ட முயற்சிகளைக் கற்று, அவற்றுட் சிலவற்றை இக்கட்டுரையில் முறைப்படுத்திக் கூறப் புகுகின்றேன்.

நெடுநோயின் இயல்பு

நோய்களை இருவகையாகப் பகுக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவு முதலியன விரைந்து வந்து, விரைந்து தீர்வன அல்லது விரைந்து கொல்வன. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, காக்கை வலிப்பு, எச்.ஐ.வி. தொற்று முதலியன வந்தபின் நீங்காது உடனுறைவன. முதல்வகை நோய்க்கு மருந்து சின்னாட் செய்தி; இரண்டாம் வகைக்கு மருந்து வாழ்நாட் கடமை.

நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் முதல்வகை நோயை எண்ணி அமைக்கப்பட்டவை. நோவு கண்டவன் வருவான், மருத்துவர் ஆராய்வர், மருந்து பெற்று ஏகுவான், மீண்டும் வரவேண்டுவதில்லை. இவ்வமைப்பில் நெடுநோயாளரும் வந்து சேரும்போது நெருக்கடி பிறக்கின்றது. அவர் ஒருகாலத்தும் பட்டியலினின்று நீங்குவதில்லை. யாண்டுதோறும் புதியர் சிலர் கூடுவரேயன்றிக் குறைவதரிது. வரிசையில் நிற்போருள் ஒரு பெரும்பகுதியினர் ஆராயப்படுவதற்கு வந்தவரல்லர். சென்றமுறை பெற்ற மருந்தையே இம்முறையும் பெறுவதற்கு வந்தவர். ஆயினும் இரண்டு தேவைகட்கும் ஒரே வாயிலே உளது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஒரு மருத்துவமனையில் 600 நெடுநோயாளர் பதிவு பெற்றுளர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் திங்கள்தோறும் வருவரேல், திங்களொன்றுக்கு 25 வேலைநாள் எனக்கொண்டு, நாளொன்றுக்கு 24 பேர் மருத்துவர்முன் நிற்பர். அவருள் நோய் அடங்கி நிலைபெற்றவரை யாண்டுக்கு இருமுறை மட்டும் மருத்துவர் காண்பதென்றும், இடைப்பட்ட காலத்து மருந்து வேறு வழியாற் சேருமென்றும் வகுத்தால், அறுநூற்றுவரும் நிலைபெற்றவராயின், யாண்டிற்கு 1200 வருகை, அதாவது நாளொன்றுக்கு 4 பேர் என்றாகும். எஞ்சிய இருபதின்மர்க்குச் செலவிட்ட காலம், புதிதாக நோயுற்றவர்க்கும், நோய் கட்டுக்கடங்காதவர்க்கும் கிடைக்கும். ஆதலின், நோயாளியை ஆராய்தல் வேறு, மருந்தை நிரப்பிக் கொடுத்தல் வேறு எனப் பிரித்தலே இத்துறையின் முதற் கோட்பாடு என்க.

நெடுநோயின் மற்றோர் இயல்பும் ஈண்டு அறியத்தக்கது. இரத்தக் கொதிப்புடையான் பெரும்பாலும் நோவு உணரான். மருந்துண்ட நாளும் உண்ணாத நாளும் அவனுக்கு ஒன்றுபோலவே தோன்றும். நோவே தூண்டாதபோது, ஒருநாட் கூலியை இழந்து வரிசையில் நிற்க அவனைத் தூண்டுவது யாது? செல்வம் மிக்க நாடுகளிலும் நெடுநோயாளருட் பாதியளவினரே தமக்கு விதித்த மருந்தை விதித்தவாறு உண்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. வறியோர் நாடுகளில் நிலைமை இதனினும் இழிந்தது என்பது சொல்லாமலே விளங்கும். இதனை நோயாளியின் சோம்பலென்று பழித்தல் எளிது. ஆனால், மருந்து பெறுதற்குரிய வழியைக் கரடுமுரடாக வைத்துவிட்டு, நடப்பவன் இடறினான் என்று குறைகூறுதல் நேர்மையாகாது.

சென்னையிற் பிறந்த ஒரு பாடம்

நோயாளி மருத்துவமனையிலேயே இருந்தாலன்றிக் குணமடையான் என்னும் கொள்கை ஒருகாலத்து வலுப்பெற்றிருந்தது. காசநோயாளரைத் தூய காற்றும், நல்லுணவும், முழு ஓய்வும் உள்ள தனி விடுதிகளில் மாதக்கணக்காக வைத்துப் பேணுதலே முறையெனக் கருதினர். ஆனால் நோயாளர் தொகையோ மிகப் பெரிது. விடுதிப் படுக்கைகளோ மிகச் சில.

இந்நிலையில், 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அதனை நடத்தின. நகரத்து வறியோர் பகுதிகளில் வாழ்ந்த காசநோயாளரைச் சீட்டுக்குலுக்கும் முறையில் இருகூறாக்கி, ஒரு கூற்றாரை விடுதியில் வைத்தும், மற்றொரு கூற்றாரை அவரவர் வீட்டில் இருக்கவிட்டும், இருவர்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துவந்தனர். விடுதியில் இருந்தோர்க்கு ஊட்டமிக்க உணவும் ஓய்வும் செவிலியர் பணிவிடையும் கிடைத்தன. வீட்டிலிருந்தோர்க்கோ குறைந்த உணவும், நெருக்கமான குடிலும், அன்றாட உழைப்புமே வாய்த்தன. எனினும், ஆண்டு முடிவில் வீட்டிலிருந்தோர் அடைந்த குணம், விடுதியிலிருந்தோர் அடைந்ததற்கு ஏறக்குறைய ஒப்பாக இருந்தது. அவரோடு உடனுறைந்த குடும்பத்தார்க்கும் அதனால் மிகுதியான தீங்கு நேரவில்லை. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று. அந்நிலையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது.

இவ்வாராய்ச்சி காட்டிய உண்மை யாது? குணமளிப்பது மருந்து, அதனினும் நுட்பமாகக் கூறின், இடையறாது உண்ணப்படும் மருந்து. நோயாளி படுத்திருக்கும் இடம் அத்துணைச் சிறப்பினதன்று. இவ்வுண்மையோடு மற்றொரு கவலையும் உடன்பிறந்தது. வீட்டிலிருப்போன் நாள்தோறும் மருந்துண்கின்றானா என்பதை உறுதிசெய்தல் யாங்ஙனம்? அதனால், உதவுவோர் கண்முன் மருந்தை உண்பிக்கும் முறைகளையும் அந்நிலையத்தாரே பின்னர் ஆராயலாயினர். வீட்டு மருத்துவத்தின் பயனும் அதற்குரிய பொறுப்பும் ஒருங்கே சென்னையில் ஆராயப்பட்டன என்பது நமக்குப் பெருமை தருவதொன்றாம்.

தென்னாப்பிரிக்கக் கூட்டங்கள்

நிற்க. இனித் தென்னாப்பிரிக்காவின் செய்தியை நோக்குவோம். எச்.ஐ.வி. தொற்று அந்நாட்டைக் கொடிதாகத் தாக்கிற்று. அத்தொற்றை அடக்கும் மருந்துகளை அரசாங்கம் 2004ஆம் ஆண்டு முதல் பொது மருத்துவமனைகளில் வழங்கத் தொடங்கிற்று. மருந்துண்டவர் இறப்பினின்று மீண்டனர். வாழ்நாள் முழுவதும் மருந்துண்ணவேண்டியவராயினர். இவ்வாறு மருத்துவத்தின் வெற்றியே மருத்துவமனைகளின் நெருக்கடிக்குக் காரணமாயிற்று.

கேப் டவுன் நகரையடுத்த கயெலிச்சா என்பது உழைப்பாளி மக்கள் நெருங்கி வாழும் பகுதி. அங்கே, எல்லையற்ற மருத்துவர்கள் என்னும் சங்கத்தார் அரசாங்கத்தோடு கூடி 2007ஆம் ஆண்டில் ஒரு புதுமுறையைத் தொடங்கினர். நோய் நன்கு அடங்கிய நோயாளர் முப்பதின்மர் வரை ஒரு கூட்டமாகச் சேர்க்கப்பட்டனர். கூட்டம் இரண்டு திங்கட்கு ஒருமுறை கூடும். மருத்துவரோ செவிலியரோ அதனை நடத்துவதில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரே நடத்துவர். அவர் ஒவ்வொருவரையும் நிறுத்து எடை பார்ப்பர். இருமல், காய்ச்சல் முதலிய குறிகள் உளவோ என வினவுவர். முன்னரே பெயரெழுதிக் கட்டிவைத்த மருந்துப் பொட்டலத்தை அவரவர் கையிற் கொடுப்பர். குறி கண்டவரை உடனே செவிலியரிடம் அனுப்புவர். குருதி ஆராய்ச்சியும் மருத்துவர் பார்வையும் குறித்த காலங்களில் நிகழும். நாள் முழுதும் நின்ற இடத்தில் ஒருமணி நேரத்திற்குள் வேலை முடிந்தது. அன்றியும், ஒரே துன்பமுடையார் ஒருவரையொருவர் கண்டு உரையாடுதலால் உள்ளமும் ஊக்கமுற்றது.

இம்முறையின் பயனை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 40 திங்கள் கழிந்தபின், கூட்டத்திற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 97 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தனர். மருத்துவமனைக்கே சென்றுவந்த பிறருள் நூற்றுக்கு 85 பேர் நிலைத்திருந்தனர். ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். சென்னை ஆராய்ச்சியிற் செய்ததுபோல இங்கே நோயாளரைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்திலர். இயல்பாகவே ஒழுங்குடையார் கூட்டத்திற் சேர்ந்திருக்கவுங் கூடும். ஆராய்ச்சியாளர் கணக்கால் இவ்வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்தனராயினும், வேறுபாடு முழுதும் கூட்டத்தின் பயனே என்று துணிதல் அறிவுடைமையாகாது. எனினும், மருத்துவர் கண்ணினின்று சிறிது விலகியமையால் நோயாளர் கெட்டொழிந்திலர் என்பது இதனால் ஐயமற விளங்குகின்றது.

பின்னர் 2014ஆம் ஆண்டு முதல், அந்நாட்டு அரசாங்கம் இதனினும் பெரியதோர் ஏற்பாட்டைச் செய்தது. மருத்துவமனை ஆறு திங்கட்குரிய மருந்துச்சீட்டை எழுதி ஒரு நடுவிடத்திற்கு அனுப்பும். அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய மருந்து தனித்தனிப் பொட்டலமாகக் கட்டப்பெறும். அப்பொட்டலம் நோயாளி தாமே தேர்ந்துகொண்ட இடத்திற்கு, அஃதாவது வீட்டிற்கு அண்மையிலுள்ள தனியார் மருந்துக்கடைக்கோ, பொதுமன்றத்திற்கோ அனுப்பப்பெறும். எச்.ஐ.வி. தொற்றுடையாரேயன்றி நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உடையாரும் இதனாற் பயன்பெற்றனர். பல இலட்சம் மக்கள் இதிற் பதிவு செய்துகொண்டனர்.

நியோ ஹுடிரி என்னும் இளம் பொறியாளரது செய்தியும் ஈண்டு அறியத்தக்கது. அவர் தாமே காசநோயுற்று, மருந்திற்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர். அத்துன்பத்தை நினைந்து, அஞ்சலகப் பெட்டிகள் போன்ற பூட்டிய அறைகளையுடைய ஒரு பெட்டகத்தை அமைத்தனர். மருந்து வந்து அறையிற் சேர்ந்ததும் நோயாளியின் தொலைபேசிக்கு ஓர் இரகசிய எண் வரும். அவ்வெண்ணை அழுத்தினால் அவருடைய அறை மட்டும் திறக்கும். ஒரு நிமிடத்திற்குள் மருந்தை எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்லலாம். இதற்காக 2019ஆம் ஆண்டில், பிரித்தானிய அரச பொறியியற் கழகத்தாரின் ஆப்பிரிக்கப் பரிசு அவருக்கு அளிக்கப்பெற்றது. துன்புற்றவன் தன் துன்பத்தையே பிறர்க்கு மருந்தாக்கிய இச்செயல், மாணவராகிய நாம் உளங்கொள்ளத்தக்கது.

மொசாம்பிக் நாட்டு அறுவர் குழுக்கள்

நகரத்திற்கு ஏற்ற முறை நாட்டுப்புறத்திற்கு ஏலாது. மொசாம்பிக் நாட்டின் டெட்டே மாகாணத்தில் ஊர்கள் ஒன்றற்கொன்று மிகச் சேய்மையன. மருந்துக்கடையும் பெட்டகமும் அங்கே எங்கே உள? ஆதலின் 2008ஆம் ஆண்டில் வேறொரு வழி கண்டனர். ஒரே ஊரில் வாழும் எச்.ஐ.வி. நோயாளர் அறுவர் வரை தாமே கூடி ஒரு குழுவாவர். திங்கள்தோறும் அவருள் ஒருவர் மட்டும் மருத்துவமனைக்குச் செல்வர். அன்று அவர் தம் உடலை மருத்துவரிடம் காட்டிக்கொள்வர். ஏனையோர் நிலையையும் தெரிவிப்பர். அறுவர்க்கும் உரிய மருந்தைப் பெற்றுவந்து பகிர்ந்தளிப்பர். அடுத்த திங்களில் மற்றொருவர் செல்வர். இம்முறையால் ஒவ்வொருவரும் ஆறு திங்கட்கு ஒருமுறை மருத்துவரைக் காண்பர். மருந்தோ திங்கள்தோறும் தவறாது வீடு வந்து சேரும். புதிய உத்தியோகஸ்தர் எவரும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு நோயாளியும் முறை வரும்போது ஏனை ஐவர்க்கும் உழைச்செல்வான் ஆகின்றான்.

2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, இக்குழுக்களிற் சேர்ந்தோர் தொகை 1384. ஏறக்குறைய ஓராண்டுப் பார்வையில், வேறிடத்திற்கு மாற்றிக்கொண்டவர் நீங்கலாக, நூற்றுக்கு 97க்கு மேற்பட்டோர் சிகிச்சையில் நிலைத்திருந்தனர். முன்னர்க் கூறிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆயினும், வறுமையும் நெடுவழியும் மிக்க நாட்டில் இஃது எளிய செயலன்று.

தமிழ்நாட்டு முயற்சி

நம் நாட்டில், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில், மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பெயரே அதன் கொள்கையை விளக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்களினின்று தேர்ந்தெடுக்கப்பெற்ற தன்னார்வப் பெண்கள், பயிற்சி பெற்று, தத்தம் பகுதியில் வீடுவீடாகச் சென்று, இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ளனவோ எனப் பார்ப்பர். நோய் கண்டவரை மருத்துவமனைக்கு அனுப்புவர். மருத்துவர் விதித்த மருந்தை, நோய் நிலைபெற்றவர்க்கு வீட்டிற் கொண்டுவந்து சேர்ப்பர். படுக்கையில் வீழ்ந்தார்க்கு நோவு தணிக்கும் பணிவிடையும், கைகால் செயலற்றார்க்கு இயன்முறைப் பயிற்சியும், சிறுநீரகம் பழுதுற்று வயிற்று வழியாகக் குருதித் தூய்மை செய்துகொள்வார்க்கு அதற்குரிய நீர்மப் பைகளும் இத்திட்டத்தில் அடங்கின. 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பல துறைகள் கூடிய ஒரு குழு, தொற்றா நோய்த் தடுப்பிற்காக அளிக்கும் பரிசை இத்திட்டத்திற்கு வழங்கிற்று.

எம் பாட்டியாரிடமும் இவ்வாறு ஒரு பெண்மணி வரத் தொடங்கினர். முதல்நாள் வந்தபோது அவர் செய்த ஒரு செயல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. புதிய மாத்திரைகளைக் கொடுப்பதற்குமுன், "பழைய அட்டையைக் காட்டுங்கள், ஆச்சி" என்றனர். பாட்டியார் தயங்கித் தயங்கித் தம் வெற்றிலைப் பெட்டியினின்று எடுத்துக்கொடுத்த அட்டையில், மாத்திரைகள் பல உண்ணப்படாதே இருந்தன. அப்பெண்மணி கடிந்து ஒன்றுஞ் சொல்லவில்லை. அவற்றை எண்ணினர், ஏன் உண்ணவில்லை என மெல்ல வினவினர். உண்டால் தலை சுற்றுகின்றது என்று பாட்டியார் விடையிறுத்தனர். வரிசையில் நின்ற அத்தனை யாண்டுகளில் எவரும் அவரை இவ்வினாவை வினவியதில்லை. அவரும் எவரிடமும் கூறியதில்லை. செய்தி மருத்துவர்க்குத் தெரிவிக்கப்பட்டது, மருந்தின் அளவு மாற்றப்பட்டது, தலைச்சுற்றலும் நின்றது.

குறைகளும் தடைகளும்

எம்முறையும் குறையற்றதன்று. ஆதலின், இம்முறைகள்மேல் எழும் தடைகளையும் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, மருந்து வீடு தேடி வருமாயின் நோயாளி மருத்துவரையே மறந்துவிடுவான் என்பர். இது புறக்கணிக்கத்தக்க அச்சமன்று. நீரிழிவுடையார்க்குக் கண்ணும், பாதமும், சிறுநீரகமும் ஓசையின்றிக் கெடும். அவற்றை மருத்துவரே ஆராய்தல் வேண்டும். ஆகவே மருந்து சேர்ப்பிக்கும் ஏற்பாட்டோடு, மருத்துவரைக் காணவேண்டிய நாளைக் குறித்து நினைவூட்டும் ஏற்பாடும் இருத்தல் இன்றியமையாதது. நோய் அடங்காதவர்க்கும், புதிதாக மருந்து தொடங்கியவர்க்கும் இம்முறை பொருந்தாது. யார் நிலைபெற்றவர் எனத் தெரிதலே மருத்துவரது தலையாய வேலை.

இரண்டாவது, எல்லா மருந்தும் ஒரு தன்மையன அல்ல. மாத்திரையைப் பையிலிட்டுச் செல்லலாம். இன்சுலின் மருந்தையோ, திறக்கப்படாதவிடத்து, 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரிற் காத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிற்கு இரண்டு திங்கள் இன்சுலினை ஒருங்கே கொடுத்தல் நன்மைக்கு மாறாகத் தீமையே பயக்கும்.

மூன்றாவது, மறைவு காத்தல். நோய் வெளிப்பட்டால் ஊரார் இழித்துப் பேசுவரென அஞ்சுவோர் உளர். அவர் வீட்டு வாயிலில் பொட்டலத்தோடு ஒருவர் வந்து நிற்றல் உதவியாகாது, ஊறேயாகும். அத்தகையார்க்கு அயலூர் மருந்துக்கடையே பெரும் புகலிடம். ஆதலின், வீடு, கடை, கூட்டம், பெட்டகம் என்னும் பல வழிகளுள் தமக்கேற்றதை நோயாளியே தேர்ந்துகொள்ளல் நன்று.

நான்காவது, மருந்து இருப்பு. நடுவிடத்தில் மருந்து இல்லையேல், எத்துணை நல்ல தூதரும் வெறுங்கையோடே வருவர். எம் பாட்டியார்க்கு முதலிற் கேடு விளைத்தது வரிசை மட்டுமன்று. பத்து நாட்கே கொடுக்கப்பட்ட மருந்துமாம். கணக்கெழுதுவோனும், வண்டியோட்டுவோனும், கிடங்கு காப்போனும் இவ்வகையில் உழைச்செல்வார் வரிசையிற் சேர்வர்.

ஐந்தாவது, இப்பணி செய்வோரின் வாழ்வு. வெயிலிலும் மழையிலும் வீடுவீடாக நடப்போர் பெரும்பாலும் வறிய குடும்பத்துப் பெண்களே. தொண்டு என்னும் பெயரால் அவர்க்குரிய ஊதியத்தைச் சுருக்குதல் அறமாகாது. உழைச்செல்வானை மருத்துவனோடு ஒப்ப எண்ணிய நாட்டில், அவனுக்குக் கூலி கொடுப்பதிலும் அவ்வெண்ணம் சிறிதேனும் தோன்றுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றால் சில உண்மைகள் விளங்கும். ஆராய்தலையும் மருந்து நிரப்புதலையும் பிரித்தால் மருத்துவமனையின் நெருக்கடி குறையும். மருத்துவமனைச் சுவர்கட்குப் புறத்தேயும் சிகிச்சை செவ்வனே நடைபெறும். சென்னையும், கயெலிச்சாவும், டெட்டேயும் இதற்குச் சான்றாம். மருந்து கையிற் சேர்வது ஒன்று, வயிற்றிற் சேர்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிறு தொலைவைக் கடப்பிப்பது, அன்போடு வினவும் ஒரு மனிதக் குரலேயாம்.

கல்லூரித் தோழர்காள்! நம்முட் பலருடைய வீடுகளில் நெடுநோயாளர் உளர். விடுமுறையில் வீடு செல்லும்போது, அவர்தம் மாத்திரை அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எத்தனை எஞ்சியுள்ளன என எண்ணுங்கள். எஞ்சியிருப்பின், ஏனென்று சினவாது கேளுங்கள். அடுத்து மருத்துவரைக் காணவேண்டிய நாள் யாது எனக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. தமிழ் கற்கும் மாணவனும் செய்யலாம்.

எம் பாட்டியாரின் வலக்கை முன்போல மீளவில்லை. இடக்கையாலேயே மாத்திரையை எடுத்து வாயிலிட்டுக்கொள்ளப் பழகிவிட்டனர். அட்டை காலியானதும் அதனை எறியாது, வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்து, அப்பெண்மணி வந்தவுடன், அவர் கேட்பதற்கு முன்னரே எடுத்துக் காட்டுகின்றனர்.